டேட்டாபேஸை ஊருக்கே திறந்து வைத்துவிட்டு எஸ்எஸ்எல் போட்டால் போதுமா?

கேள்வி: சின்னதாக ஒரு பில்லிங் ஆப் நடத்துகிறேன். டேட்டாபேஸ், அமேசானே பராமரித்துத் தரும் ஆர்டிஎஸ் சேவையில் போஸ்ட்கிரெஸ் 14. வீட்டு பிராட்பேண்டில் ஐபி அடிக்கடி மாறுவதால், செக்யூரிட்டி குரூப்பில் (யார் உள்ளே வரலாம் என்ற விதிகள்) டேட்டாபேஸின் 5432 போர்ட்டை 0.0.0.0/0 என்று எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறேன். கனெக்ஷனை என்கிரிப்ட் செய்ய எஸ்எஸ்எல்மோட் 'ரெக்வயர்' என்று கொடுத்திருக்கிறேன். இது போதுமா?

பதில்: போதாது, இன்றைக்கே மாற்றிவிடுங்கள். எஸ்எஸ்எல் காப்பது வழியில் போகும் டேட்டாவைத்தான். வாசலில் நின்று பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பவனை அது தடுக்காது, அவனுடைய கனெக்ஷனும் என்கிரிப்ட் ஆகித்தான் வரும். நம்மைப் போன்ற சின்ன ஆப்பை யார் தேடப் போகிறார்கள் என்றும் இருந்துவிடாதீர்கள். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஸீமேப் என்ற ஸ்கேனர், நல்ல வேகமான லைன் இருந்தால் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து, ஐபிவி4 முகவரிகள் அத்தனையிலும் ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் பார்த்துவிடும்.

முதலில் ஆர்டிஎஸ்ஸில் 'பப்ளிக்லி ஆக்சசிபிள்' என்பதை 'நோ' ஆக்குங்கள். செக்யூரிட்டி குரூப்பில் அந்த 0.0.0.0/0 வரியை எடுத்துவிட்டு, ஐபிக்குப் பதிலாக உங்கள் ஆப் சர்வரின் செக்யூரிட்டி குரூப்பையே சோர்ஸாகக் கொடுங்கள், சர்வர் ஐபி மாறினாலும் கவலை இல்லை. (ஆப் சர்வரும் அதே விபிசியில், அதாவது அமேசானில் உங்களுக்கான தனி நெட்வொர்க்கில், இருக்க வேண்டும்.) வீட்டிலிருந்து நுழைய அமேசானின் செஷன் மேனேஜரில் போர்ட் ஃபார்வர்டிங் இருக்கிறது, உங்கள் கம்ப்யூட்டரின் ஒரு போர்ட்டிலிருந்து டேட்டாபேஸுக்கு ஒரு டன்னல்: விபிசிக்குள் ஒரு சின்ன ஈசி2 சர்வர் வழியாகப் போகும், அதற்கு ஒரு இன்பவுண்ட் போர்ட்கூடத் திறக்க வேண்டாம்.

சரி, இப்போது 'ரெக்வயர்'. பலரும் ஏமாறும் இடம் இதுதான். ரெக்வயர் என்றால் என்கிரிப்ட் செய்யும், ஆனால் எதிரில் இருப்பது உங்கள் டேட்டாபேஸ்தானா என்று பார்க்காது. நடுவில் ஒருவன் புகுந்து தன் சர்டிஃபிகேட்டை நீட்டினாலும் வாங்கிக்கொண்டு பேச ஆரம்பித்துவிடும். எஸ்எஸ்எல்மோடில் 'வெரிஃபை-சிஏ' என்று கொடுத்தால், சர்டிஃபிகேட்டில் எந்த சிஏவின் (சர்டிஃபிகேட் வழங்கும் அமைப்பின்) கையெழுத்து இருக்கிறது என்று பார்க்கும், 'வெரிஃபை-ஃபுல்' ஹோஸ்ட் பெயரையும் சேர்த்துப் பார்க்கும். ஆர்டிஎஸ் போன்ற இடத்தில் எல்லாருடைய டேட்டாபேஸுக்கும் ஒரே அமேசான் சிஏதான் கையெழுத்துப் போடுகிறது, அதனால் பெயரையும் பார்க்கும் வெரிஃபை-ஃபுல்தான் வேண்டும். அமேசான் தரும், அதன் சிஏ சர்டிஃபிகேட்டுகள் அடங்கிய குளோபல் பண்டில் பெம் ஃபைலை இறக்கி, கனெக்ஷன் செட்டிங்கில் எஸ்எஸ்எல்ரூட்சர்ட் என்ற இடத்தில் அதன் பாதையைக் கொடுத்தால் வேலை முடிந்தது.

வீட்டிலிருந்து டன்னல் வழியாக வரும்போது மட்டும் ஒரு இடறல் உண்டு. ஹோஸ்ட் பெயராக லோக்கல்ஹோஸ்ட் (உங்கள் கம்ப்யூட்டரே) என்று போட்டால் பெயர் ஒத்துப்போகாமல் வெரிஃபை-ஃபுல் மறுத்துவிடும், பலர் எரிச்சலில் திரும்ப ரெக்வயருக்கே போய்விடுகிறார்கள். அது வேண்டாம். போஸ்ட்கிரெஸின் கமாண்ட் டூலான பிஎஸ்க்யூஎல்லில் ஹோஸ்ட் என்ற இடத்தில் ஆர்டிஎஸ்ஸின் முழுப் பெயரையும், ஹோஸ்ட்அட்ர் (hostaddr) என்ற இடத்தில் 127.0.0.1ஐயும், போர்ட்டில் உங்கள் டன்னலின் போர்ட்டையும் கொடுங்கள், ஒழுங்காக நுழைந்துவிடும்.

அப்புறம் சர்வர் பக்கம். போஸ்ட்கிரெஸ் 15 முதல் ஆர்டிஎஸ்ஸில், எஸ்எஸ்எல் இல்லாத கனெக்ஷனை மறுக்கும் 'ஃபோர்ஸ் எஸ்எஸ்எல்' தானாகவே 1 ஆக இருக்கும். உங்களுடையது 14 என்பதால் புது பாராமீட்டர் குரூப் (டேட்டாபேஸ் செட்டிங்குகளின் தொகுப்பு) உருவாக்கி 1 என்று நீங்களே வைக்க வேண்டும். குரூப்பை மாட்டியதும் ஒரு ரீபூட் தேவை, பில் போடாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். ஆனால் அதற்கு முன், பிஜி ஸ்டாட் எஸ்எஸ்எல் என்ற வியூவில் எஸ்எஸ்எல் பத்தி 'எஃப்' (அதாவது இல்லை) என்று காட்டும் கனெக்ஷன் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதோ எழுதி மறந்துபோன ரிப்போர்ட் ஸ்கிரிப்ட் ஏதாவது அதில் தெரியலாம். அதைச் சரிசெய்த பிறகு ரீபூட் போடுங்கள்.