போலீசுக்கு வரி போட்டால் யார் கட்டுவது?

கேள்வி: பிரிட்டனில் ஊழியர் சம்பளத்தின் மேல் முதலாளிகள் அரசுக்குக் கட்டும் தேசியக் காப்பீட்டுப் பங்கை ஏற்றினார்கள். போலீசும் அரசு, வரி வாங்குவதும் அரசு. அதை ஈடுகட்டப் பணமும் கொடுத்துவிட்டார்கள். பிறகும் போலீஸ் பட்ஜெட்டில் துண்டு விழுகிறது என்று ஏன் புலம்புகிறார்கள்?
– வாசகர், லூட்டன்

பதில்: ‘கொடுத்துவிட்டார்கள்’ என்ற சொல்லில்தான் நீங்கள் ஏமாந்துபோகிறீர்கள். கணக்கைப் பாருங்கள். 2025 ஏப்ரல் 6 முதல் அந்த வரி 13.8 சதவீதத்திலிருந்து 15 ஆனது. அதைவிடப் பெரிய அடி, வரி தொடங்கும் வரம்பு 9,100 பவுண்டிலிருந்து 5,000-க்கு இறங்கியது. 40,000 பவுண்டு சம்பளம் வாங்கும் ஒரு காவலருக்கு முன்பு போலீஸ் படை கட்டியது சுமார் 4,264 பவுண்டு. இப்போது 5,250. ஸ்டேஷனைக் கூட்டித் துடைக்கும் பகுதிநேரப் பணியாளர் வருடத்துக்கு 9,000 பவுண்டு வாங்குகிறார் என்றால், அவருக்காக முன்பு ஒரு காசும் கட்டவில்லை. இப்போது 600 பவுண்டு!

இங்கிலாந்து, வேல்ஸ் படைகளுக்கு 2025-26இல் இதற்கென்று 23 கோடி பவுண்டு வந்தது உண்மை. ஆனால் அது நேரடி ஊழியர்களுக்கான கணக்கு. துப்புரவு, கேட்டரிங் என்று வெளியே ஒப்பந்தத்துக்கு விட்ட வேலைகளில் ஒப்பந்தக்காரரும் இதே வரியைக் கட்டுகிறார். புதுப்பிக்கும்போது அதை பில்லில் ஏற்றுவார். அந்தச் செலவு படையின் தலையில்தான் விடியும். சம்பளம் உயரும்போதெல்லாம் வரியும் கூடவே உயரும்.

கடைக்காரர் என்றால் விலையை ஏற்றிச் சமாளிப்பார். போலீஸ் எதை ஏற்றும்? வீடுகளுக்கு விதிக்கும் உள்ளாட்சி வரியான கவுன்சில் வரியில் தன் பங்கை ஏற்றலாம். அதிலும் 2025-26இல் இங்கிலாந்தில் டி பேண்ட் வீட்டுக்கு (வீட்டு மதிப்பை வைத்துப் பிரித்த வரிப் படிகளில் ஒன்று) உயர்வு 14 பவுண்டுக்கு மேல் போனால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டியிருந்தது. உங்கள் லூட்டன் இருக்கும் பெட்ஃபோர்ட்ஷயரிலேயே 2015 மே மாதம் 15.8 சதவீத உயர்வு கேட்டு வாக்கெடுப்பு நடந்தது. பத்தில் ஏழு பேர் முடியாது என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாடகைக்கும் கரண்டுக்கும் கட்டிவிட்டு மிச்சம் எண்ணுகிறவர்கள்.

வெட்டுவது எங்கே? ஆட்குறைப்பு என்று சொல்லிக் காவலரை வீட்டுக்கு அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. போதாததற்கு, 2025-26இல் காவலர் எண்ணிக்கை குறைந்தால் மானியத்திலும் கை வைக்கும் விதி இருந்தது. ஆகவே கத்தி சீருடை இல்லாத ஊழியர்கள் மேல் விழுகிறது: அவசர உதவிக்கு வரும் 999 அழைப்பை எடுப்பவர், வழக்குக் கோப்பைத் தயார் செய்பவர், கைப்பற்றிய செல்போனைத் துழாவுபவர். அவர் போனதும் அந்த நாற்காலியில் ஒரு காவலரை உட்கார வைக்கிறார்கள். அதிகச் சம்பளம், பழகாத வேலை. உங்கள் தெருவில் நடந்து வர வேண்டியவர் கம்ப்யூட்டர் முன் கோப்புக்கு எண் போட்டுக்கொண்டிருக்கிறார். இதைப் புலம்பல் என்று ஒதுக்க என்னால் முடியாது.