ஊர்க்காரர்கள் எடுக்கும் குளக் கணக்குக்கு மதிப்பு உண்டா?

"எங்கள் ஊர்க் குளத்தை நாங்களே கண்காணித்துக் குறிப்பு எழுதுகிறோம், யாராவது மதிப்பார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக ஏதோ ஓர் ஆபீஸில் நோட்டை நீட்டி, "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்க வைத்திருப்பீர்கள். நானும் கேட்டு வாங்கியவன்தான். பி.காம்., ஜெராக்ஸ் கடை.

மதிப்பு உண்டு. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஜனவரிதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கரையில் நோட்டோடு நிற்பவர்களில் பலர் மாணவர்களும் தன்னார்வலர்களும்தான். முதல் தடவை நான் நீலச்சிறகியையும் ஊசிவால் வாத்தையும் ஒரே கணக்கில் போட்டேன். பறவை ஆட்கள் சண்டைக்கு வரவேண்டாம், அப்போதே திருத்திவிட்டார்கள். (விடியற்காலை டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டதால் இதற்கெல்லாம் என் சொந்தப் பெட்ரோல். அதை யாரும் கணக்கெடுப்பதில்லை.)

ஆனால் உங்கள் ஒரு குளத்தை மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் தெரியும். எங்கள் மடைக்கல்லில் அடிக்கு அடி சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டிருக்கிறோம். வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சி மாமா காலையில் பார்த்துச் சொல்வார், நான் எழுதுவேன். தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்க்க, பெயிண்ட் டப்பா மூடியில் கறுப்பும் வெள்ளையும் அடித்துக் கயிற்றில் இறக்குவோம். மூடி கண்ணுக்கு மறைகிற இடத்தில் கயிற்றைப் பிடித்து அளப்போம், அவ்வளவுதான்.

ஒரு பிசான நெல் பருவத்தில் ஆற்றிலும் தண்ணீர், கால்வாயிலும் தண்ணீர். எங்கள் குளம் மட்டும் நாலடிக் கோட்டைத் தாண்டவில்லை. அமலைச்செடி (ஆகாயத்தாமரை) அடைத்திருக்கும் என்று நான் நினைத்தேன். மாமா பழைய பக்கத்தைப் புரட்டச் சொன்னார். "மேல்குளம் மறுகால் விழுந்த மூணாம் நாள் நமக்கு ஏறிருக்கு பாரு மருமவனே. இந்த வருசம் என்ன கேடு?"

(மறுகால் என்றால் குளம் நிரம்பி மிச்சத் தண்ணீர் வழிகிற இடம்.) கால்வாய்க் கரையோடு மேலே நடந்தோம். மேல்குளத்து மறுகால் மேல் மூன்று வரிசை மணல் மூட்டை. அந்தக் குளம் மறுகால் பாய்ந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர்.

முன்காலமாக இருந்தால் அரிவாளோடு போயிருப்பார்கள். நல்லவேளை, அந்த ஊரிலும் ஒருவர் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். டீக்கடை பெஞ்சில் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். அவர்களுக்குக் கரை முட்டத் தண்ணீர் ஏறிய வாரம்தான் எங்கள் கோடு நகராமல் நின்ற வாரம். அவர்கள் எழுதியதையே அவர்களால் மறுக்க முடியவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் கால்வாயில் மேலே ஒரு குளம், கீழே ஒரு குளம், இரண்டு ஊரிலும் ஆள் பிடியுங்கள். தேதி, மட்டம், மறுகால் விழுந்த நாள், இந்த மூன்றும் விடக்கூடாது. பறவையெல்லாம் அப்புறம்.

ஆபீஸ் மதிக்குமா என்பது வேறு. 2017 ஈரநில விதிகளைப் படித்துப் பாருங்கள், பாசனத்துக்கென்று வெட்டிய நீர்நிலை ஈரநிலக் கணக்கிலேயே வராது. கூந்தன்குளமும் பாசனக் குளம்தான், அது ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இருக்கிறது. எங்கள் குளத்துக்கு வரும் நாரைக்கு இந்த வித்தியாசம் தெரியாது போல. சட்டம் படித்தவர்கள் திருத்துவதானால் பின்னூட்டத்தில் திருத்துங்கள், ஆனால் என்ன படித்திருக்கிறாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.

மேல்குளத்தார் அன்று சாயங்காலமே இரண்டு வரிசை மூட்டையை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது வரிசைக்கு இன்னும் பேச்சு நடக்கிறது.