முடிச்சூர் தரைத்தள வீடு, அம்மாவின் இன்சுலின்: மழைக்கு முன் என்ன செய்யலாம்

வணக்கம் சகோதரி. கரண்ட் மூன்று நாள் போனால் அம்மாவின் இன்சுலினை எப்படிக் காப்பாற்றுவது, தரைத்தளத்தில் வேறு என்ன தயார் செய்வது என்று கேட்டிருந்தீர்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளம் வந்தபோது நாங்களும் முடிச்சூர் பக்கம்தான் இருந்தோம்.

திறந்து போட்டுக்கொண்டிருக்கும் இன்சுலின் பெரும்பாலும் நான்கு வாரம் வெளியிலேயே தாங்கும். எத்தனை நாள், எவ்வளவு வெப்பம் என்பதை மருந்தோடு வரும் தாளில் இப்போதே பார்த்து வையுங்கள். திறக்காததற்கு மண்பானை போதும். பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதில் பாலித்தீன் பையில் கட்டிய மருந்து, மேலே ஈரத்துணி. காற்றோட்டமான இடத்தில் வைத்து, மணல் காயக் காயத் தண்ணீர் தெளியுங்கள். ஐஸ் கட்டி மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள், உறைந்த இன்சுலினைப் போடக்கூடாது.

அப்புறம் தண்ணீர். சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டால் மோட்டாரே போடக்கூடாது. அதனால் எச்சரிக்கை வந்த அன்றே மாடித் தொட்டியை நிரப்பிவிடுங்கள். குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்றால், நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். 20 லிட்டர் கேன் மூன்று வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் வெள்ளம் வாசல் வழியாக வரவில்லை, கழிவறைக் கோப்பை வழியாகத்தான் முதலில் பொங்கியது. அதை அடைக்க இரண்டு மணல் மூட்டை தயாராக வையுங்கள். இன்வெர்ட்டரை எலக்ட்ரீஷியனை வைத்து உயரத்தில் ஏற்றுங்கள். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் வந்ததுமே மெயினை அணைத்துவிட்டு, அம்மாவை மாடி வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள்.