ஏபிஏவின் கடைசி சீசன், 1975–76: கேள்வி பதில்

அமெரிக்காவில் 1967 முதல் 1976 வரை என்பிஏவுக்குப் போட்டியாக ஓடிய கூடைப்பந்து லீக் ஏபிஏ. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 2000 வாக்கில் அதே பெயரில் ஆட ஆரம்பித்த லீக் வேறு. அதைப் பற்றி இங்கே கேட்காதீர்கள்.

சார், அந்த சீசனில் ஆடியது பத்து அணிகளா, ஏழா?

பத்தில் தொடங்கி ஏழில் முடிந்தது. பால்டிமோர் கிளாஸ் சில பயிற்சி ஆட்டங்களோடு காணாமல் போனது. சான் டியாகோ 11 ஆட்டங்களில் கடையைக் கட்டியது. 1971 சாம்பியனான யூட்டா 16 ஆட்டங்கள் வரை தாக்குப்பிடித்தது. பால்டிமோர் கதைதான் எனக்குப் பிடித்தது. 1975 சாம்பியன் கென்டக்கி, தன் நட்சத்திரம் டான் இஸலை பால்டிமோருக்கு விற்றது. வாங்கியவர்களிடம் கொடுக்கப் பணம் இல்லை. ஆள் கடைசியில் டென்வரில் போய்ச் சேர்ந்தார். டென்வர் அந்த வருடம் 60 வெற்றி, 24 தோல்வியோடு முதலிடம் பிடித்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

டங்க் (எம்பிக் குதித்துப் பந்தை வளையத்துக்குள் திணிப்பது) போட்டி முதலில் நடந்தது இங்கேதானா?

ஆமாம். 1976 ஜனவரி, டென்வர், ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் இடைவேளை. ஏழே அணிகள் என்பதால் கிழக்கு, மேற்கு என்று பிரிக்க வழியில்லை. முதலிடத்தில் இருந்த டென்வரை மற்ற அணிகளின் நட்சத்திரங்களோடு மோதவிட்டார்கள். டென்வர் 144–138 என்று ஜெயித்தது. டங்கில் நெட்ஸின் ஜூலியஸ் எர்விங், டென்வரின் டேவிட் தாம்ப்சன், கில்மோர், கெர்வின், கெனன் என ஐந்து பேர். எர்விங் எதிர்முனை வரை நடந்து போய், திரும்பி ஓடிவந்து, வளையத்துக்கு எட்டத்தில் இருக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டருகே எழும்பிப் போட்டார். கால் கோட்டில் பட்டதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

மூன்று புள்ளி ஷாட் ஏபிஏவின் கண்டுபிடிப்புதானே?

இல்லை. தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி என்ற விதி 1961-லேயே ஏபிஎல் என்ற இன்னொரு லீக்கில் இருந்தது. ஏபிஏ அதைப் பிரபலமாக்கியது. என்பிஏ 1979-ல் எடுத்துக்கொண்டது.

ஏபிஏவில் ஆடிய அந்தச் சிவப்பு, வெள்ளை, நீலப் பந்து எங்கே கிடைக்கும்?

விளையாட்டுச் சாமான் கடையில் கேளுங்கள்.

எர்விங் டங்க் எந்த வருடம்?

மேலே இருக்கிறது.

செயின்ட் லூயிஸ் அணி முதலாளிகள் என்பிஏவை ஏமாற்றினார்கள் என்கிறார்களே?

ஏமாற்றவில்லை. 1976 ஜூனில் டென்வர், நியூயார்க் நெட்ஸ், இண்டியானா, சான் அன்டோனியோ நான்கும் தலா 32 லட்சம் டாலர் கட்டி என்பிஏவில் சேர்ந்தன. கென்டக்கிக்கும் செயின்ட் லூயிஸுக்கும் இடமில்லை. கென்டக்கி முதலாளி ஜான் ஒய். பிரவுன் 30 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு ஒதுங்கினார். செயின்ட் லூயிஸின் சில்னா சகோதரர்கள் 22 லட்சம் டாலரோடு இன்னொன்றும் கேட்டார்கள்: அந்த நான்கு அணிகளின் டிவி வருமானத்தில் ஏழில் ஒரு பங்கு, என்பிஏ இருக்கும்வரை.

அதைத்தான் சார் சொல்கிறேன், அது ஏமாற்று இல்லையா?

தம்பி, அன்றைக்கு டிவிப் பணம் எவ்வளவு? 1980 ஃபைனலின் கடைசி ஆட்டத்தையே பல ஊர்களில் இரவில் தாமதமாகத்தான் காட்டினார்கள். மறுபக்கம் வக்கீல்கள் இருந்தார்கள், படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

அப்படியானால் ரொக்கம் வாங்கிய பிரவுன் ஏமாளியா?

கென்டக்கி ஃபிரைடு சிக்கனை வாங்கி வளர்த்தவர் ஏமாளியா? வாங்கிய பணத்தில் என்பிஏவின் பஃபலோ அணியில் பங்கு வாங்கினார், பின்பு அதைக் கொடுத்து பாஸ்டன் செல்டிக்ஸுக்கு மாறினார், 1979 தேர்தலில் கென்டக்கி கவர்னரானார். அவருக்கு வேறு வேலை இருந்தது. சில்னாக்கள் காத்திருந்தார்கள். 2014 வரை சுமார் 30 கோடி டாலர் வந்தது. அப்புறம் அந்தப் பங்கின் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்க என்பிஏ 50 கோடி கொடுத்தது. ஆடாத அணிக்கு!

பிரவுனும் பங்கு கேட்டிருக்கலாமே?

கேட்டிருக்கலாம். அடுத்த கேள்வி.

இப்போதைய ஏபிஏவில் சேர எப்படி விண்ணப்பிப்பது?

முதல் பத்தி.

கடைசி சாம்பியன் யார்? அந்த அணி என்ன ஆனது?

நெட்ஸ். டென்வரை 4–2 என்று வென்றது. ஆறாவது ஆட்டத்தில் 22 புள்ளி பின்தங்கியிருந்து 112–106 என்று முடித்தார்கள். தாம்ப்சன் 42 அடித்தும் பலனில்லை. எர்விங்குக்கு 31 புள்ளி, 19 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது). சேர்வதற்கான 32 லட்சம் போக, நியூயார்க்கின் பழைய என்பிஏ அணியான நிக்ஸின் எல்லைக்குள் ஆடுவதற்கு நெட்ஸ் நிக்ஸுக்கு 48 லட்சம் தர வேண்டியிருந்தது. அதனால் எர்விங்கை ஃபிலடெல்ஃபியாவுக்கு 30 லட்சத்துக்கு விற்றார்கள். என்பிஏவில் முதல் சீசன்: 22 வெற்றி, 60 தோல்வி.