முழங்கால் தேய்மானம்: ரத்தப் புரதம் சாட்சியா, குற்றவாளியா?

கேள்வி: முழங்கால் மூட்டுத் தேய்மானத்தை ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்க முடியாதா?

இன்றைக்கு முடியாது. மருத்துவர் மூட்டைத் தொட்டு, மடக்கிப் பார்ப்பதும், தேவைப்பட்டால் எக்ஸ்ரேயும்தான் வழி. உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகளை எழுதித் தருவது பெரும்பாலும் முடக்குவாதம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். ஆனால் எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி குறுகித் தெரிவதற்குள் குருத்தெலும்பு கணிசமாகத் தேய்ந்திருக்கும். முன்கூட்டியே சொல்லும் புரதத்தைத் தேடுவது அதனால்தான்.

கேள்வி: நோயாளிகளின் ரத்தத்தில் எந்தப் புரதம் கூடியிருக்கிறது என்று பார்த்தால் போதாதா? மரபணு எதற்கு?

போதாது. உடல் எடை கூடினால் சி.ஆர்.பி.யும் ஏறும், முழங்காலும் தேயும். இரண்டும் சேர்ந்தே காணப்படுவதால் சி.ஆர்.பி.தான் மூட்டைக் கெடுத்தது என்று சொல்லிவிட முடியாது. மரபணு அப்படியல்ல. பெற்றோரிடமிருந்து எந்தப் பிரதி வரும் என்பது கருவிலேயே தற்செயலாக முடிவாகிவிடுகிறது. பின்னால் வரும் எடையோ வலியோ அதை மாற்றாது. ஒரு புரதத்தின் அளவை வாழ்நாள் முழுக்கச் சற்றே உயர்த்தும் மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குத் தேய்மானமும் அதிகம் வந்தால், அந்தப் புரதத்தின் மீது சந்தேகம் வலுக்கும். இதுவே மெண்டீலியன் ரேண்டமைசேஷன்.

இதற்குப் பெருந்திரளான தரவு வேண்டும். பிரிட்டனின் மருத்துவ ஆய்வுத் தரவு வங்கியான யு.கே. பயோபேங்க் சுமார் 54,000 பேரிடம் ஏறக்குறைய 2,900 புரதங்களை அளந்து 2023-இல் வெளியிட்டது. அப்படியும் வழுக்கும் இடங்கள் உண்டு. ஒரே மரபணு மாற்றம் வேறொரு பாதை வழியாகவும் மூட்டைப் பாதிக்கலாம். சில மாற்றங்கள் புரதத்தின் வடிவத்தை மாற்றிவிடுவதால் புரதத்தை அளக்கும் கருவி தவறான அளவைக் காட்டும். அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணுவுக்கு அருகிலேயே இருக்கும் மாற்றங்களைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

கேள்வி: சிஆர்டிஏசி1 என்ற புரதம் பற்றிப் படித்தேன். அதைக் குறைத்தால் மூட்டு தேறுமா?

அவசரம் வேண்டாம். ஐஸ்லாந்தில் ஏறக்குறைய 4,800 புரதங்களை அலசி 2021-இல் வெளியான ஆய்வில், தேய்மானத்தோடு மிக வலுவாகத் தொடர்புபட்டது இதுதான். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை வரை போகக்கூடியவர்களையும் அது சுட்டியது. ஆனால் சேதமான மூட்டிலிருந்து கசியும் புரதமும் ரத்தத்தில் உயர்ந்தே தெரியும். அது நல்ல சாட்சி. முன்னறிவிப்புக்கு அதுவே போதும். மருந்துக்கோ தேய்மானத்தை உண்டாக்கும் குற்றவாளி வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்குத் தேய்மானம். நான் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளட்டுமா?

தேவையில்லை. எல்லா மூட்டுகளையும் சேர்த்து, தேய்மானத்தோடு தொடர்புடைய 900-க்கும் மேற்பட்ட மரபணு மாற்றங்கள் 2025-இல் பட்டியலிடப்பட்டன. பெரும்பாலானவற்றின் பங்கு தனித்தனியே மிகச் சிறிது. உடல் எடை முழங்கால் தேய்மானத்துக்குக் காரணமே என்பதையும் இதே மரபணு முறை உறுதி செய்திருக்கிறது. எடை கூடுதலாக இருந்தால் இப்போதே குறையுங்கள். தொடைத் தசைகளுக்குப் பயிற்சி கொடுங்கள்.