அமெரிக்காவில் முதல் ஆங்கில பைபிள் 1782 வரை ஏன் அச்சாகவில்லை?

அச்சகம் இருந்தும் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் உரிமைதான். கிங் ஜேம்ஸ் பைபிள் என்ற ஆங்கில மொழிபெயர்ப்பை அச்சிடும் உரிமை இங்கிலாந்தில் அரச அச்சகரிடமும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களிடமும் இருந்தது. அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அமெரிக்கக் குடியேற்ற மக்கள் கப்பலில் வந்த பிரதிகளையே வாங்கினார்கள்.

மற்ற மொழிகளுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் அமெரிக்க மண்ணில் அச்சான முதல் முழு பைபிள், மாசசூசெட்ஸ் பழங்குடிகளின் மொழியில் ஜான் எலியட் மொழிபெயர்த்த 1663ஆம் ஆண்டுப் பதிப்பு. எலியட்டின் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அச்சுக்கோத்தவர்களில் ஒருவர் நிப்மக் பழங்குடி இனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரிண்டர். 1685இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, புரிந்துகொண்டு எழுத்துக்கோக்கவும் பிழை திருத்தவும் அவர் ஒருவரையே நம்பியிருப்பதாக எலியட்டே எழுதினார். அவரை இன்னும் அதிகம் பேசவேண்டும் என்பது என் கருத்து.

அப்புறம் 1743இல் ஜெர்மன்டவுனில் கிறிஸ்டோஃப் சவுர் ஜெர்மன் பைபிளை அச்சிட்டார்.

விடுதலைப் போரில் பிரிட்டிஷ் வரத்து நின்றதும் பைபிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பிலடெல்பியாவின் ராபர்ட் எய்ட்கன் முதலில் புதிய ஏற்பாட்டையும், 1782இல் முழு பைபிளையும் அச்சிட்டார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதைப் பரிந்துரைத்துத் தீர்மானம் போட்டது, பணம் தரவில்லை. சமாதானம் வந்ததும் மலிவான இறக்குமதிப் பிரதிகள் குவிய, பாவம், எய்ட்கனுக்குப் பெரிய நஷ்டம்.