வெப்சைட்டை மாத்திட்டேன், எல்லாரும் சூப்பர்ங்கறாங்க, புக்கிங்கை மட்டும் காணோம்

வந்த கேள்வி இது:

"தம்பி வணக்கம். கொடைக்கானல் பள்ளங்கி பக்கம் மூணு ரூம் காட்டேஜ் ஒண்ணு நடத்திட்டு இருக்கேன். பழைய வெப்சைட் ரொம்ப பழசாயிருச்சுன்னு பிப்ரவரில 48,000 குடுத்து புதுசா பண்ணினேன். சொந்தக்காரங்க குரூப்லயும் ஹோட்டல்காரங்க குரூப்லயும் லிங்க் போட்டு கருத்து கேட்டேன், எல்லாரும் சூப்பர், கலக்கிட்டீங்கன்னாங்க. ஆனா சைட் வழியா வர்ற புக்கிங் பாதியா கொறஞ்சிருச்சு. இப்ப சைட் பண்ணின கம்பெனியே 500 பேர்கிட்ட கருத்து கேட்டு ரிப்போர்ட் தர்றோம், 25,000 ஆகும்ங்கறாங்க. குடுக்கலாமா? இல்ல யார்கிட்ட, எப்படி கேட்டா உண்மை தெரியும்?"

அண்ணே, குடுக்காதீங்க. அத மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நீங்க இத படிச்சு முடிக்கறதுக்குள்ள அவங்க ரெண்டு தடவ போன் போட்டு "ஆஃபர் இன்னியோட முடியுது சார்"னு சொல்லிருப்பாங்க.

குரூப்ல எல்லாரும் சூப்பர்னு சொன்னதுல ஆச்சரியமே இல்ல. கல்யாண பந்தில பொண்ணோட அப்பா எலை எலையா வந்து "சாப்பாடு எப்டி"ன்னு கேட்டா ரசத்துல உப்பு கம்மின்னு எவனாச்சும் சொல்லுவானா? கைய தூக்கி பிரமாதம்னு தான் சொல்லுவான். ஹோட்டல்காரங்க குரூப் கதை இன்னும் மோசம், உங்க சைட் நல்லா ஓடினா அவங்களுக்கு என்ன லாபம் சொல்லுங்க. எல்லாத்துக்கும் மேல அந்த ரெண்டு குரூப்லயும் ஒருத்தர் கூட உங்ககிட்ட காசு குடுத்து தங்கப்போறவர் கெடையாது. தங்க வர்றவன் கலரையா பாக்குறான், எழுத்து டிசைனையா பாக்குறான்? நாலு பேருக்கு எவ்ளோ, கார் நிறுத்த எடம் இருக்கா, வெந்நி வருமா, டிரைவருக்கு படுக்க எடம் உண்டா, இதத்தான் தேடுறான்.

அதனால கருத்தே கேக்காதீங்க. வேடிக்கை பாருங்க. நான் 11 வருஷமா இந்த ஒரு வேலைய வச்சு தான் சாப்பிடறேன், இதுல உள்ள தொழில் ரகசியமே அவ்ளோதான், ஒருத்தர் கைல போன குடுத்து ஒரு வேலைய சொல்லிட்டு வாய மூடிட்டு பக்கத்துல உக்காரணும்.

எத்தனை பேர் வேணும்னா அஞ்சு பேர். ஜேக்கப் நீல்சன்னு, ஜனங்க வெப்சைட்ட எப்டி பயன்படுத்தறாங்கன்னு ஆராயற துறைல பெரிய ஆளு, 1993ல தாமஸ் லேண்டவர்ங்கற இன்னொரு ஆராய்ச்சியாளர் கூட சேந்து கணக்கு போட்டு பாத்து, அப்புறம் 2000ல எல்லாருக்கும் புரியற மாதிரி எழுதுனாரு, 5 பேர உக்கார வச்சு பாத்தாலே சைட்ல உள்ள சிக்கல்ல ஏறக்குறைய 85 சதவீதம் வெளில வந்துரும், அதுக்கு மேல பாத்ததையே தான் திரும்ப பாப்பீங்கன்னு. இந்த கணக்கு எங்க பொருந்தும் எங்க பொருந்தாதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க இன்னும் சண்டை போட்டுட்டு தான் இருக்காங்க, மூணு ரூம் காட்டேஜுக்கு அந்த சண்டை வேணாம். 500 பேர்னு சொல்றவன் அதுல ஒருத்தரையும் பக்கத்துல உக்காந்து பாக்கப்போறது இல்ல, ஒரு ஃபார்ம் அனுப்புவான், "எங்கள் தளம் எப்படி இருந்தது, 5க்கு எத்தனை மதிப்பெண்", வர்ற பதில எல்லாம் வட்டமா கலர் கலரா கிராஃப் போட்டு 40 பக்கத்துக்கு குடுப்பான். 4.3 வந்துருக்கும். அந்த 4.3ஐ வச்சு நீங்க எத மாத்துவீங்க?

யார உக்கார வைக்கணும்னா, குடும்பத்தோட வருஷத்துக்கு ஒரு தடவயாச்சும் வெளியூர் போறவங்க, உங்க காட்டேஜ இதுவரைக்கும் பாக்காதவங்க. கொடைக்கானல் ஆளுங்க வேணாம். கம்ப்யூட்டர் படிச்ச அக்கா பையன் கண்டிப்பா வேணாம், அவன் "மாமா ஃபான்ட் மாத்தலாம்"பான். அவங்கவங்க சொந்த போன், மொபைல் டேட்டா, வைஃபை கூடாது. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறிட்டா சிக்னல் என்ன லட்சணம்னு உங்களுக்கு நான் சொல்லணுமா.

உங்க லிங்க் கைல இருந்ததால நேத்தே ஒரு ஆள வச்சு பாத்துட்டேன். நான் மதுரைல குடியிருக்கற வீட்டு மாடில ஒரு அக்கா, ஸ்கூல் டீச்சர், ரெண்டு புள்ளைங்க, நாலு வருஷம் ஆன போன், ஸ்க்ரீன் ஓரத்துல கீறல். நான் சொன்னது இவ்ளோதான்: "மே 10ந்தேதி ரெண்டு குடும்பம் கொடைக்கானல் போறீங்க, நாலு பெரியவங்க மூணு புள்ளைங்க, ரெண்டு ராத்திரி, வாடகை வண்டி, டிரைவர் இருக்காரு. மொத்தம் எவ்ளோ ஆகும்னு கண்டுபிடிங்க, மனசுல தோணறத சத்தமா சொல்லிட்டே பண்ணுங்க."

சைட்ட தொறந்தாங்க. மேல ட்ரோன் வீடியோ, மேகம் நகருது, வட்டம் சுத்துது. "வருமா?"ன்னாங்க. நான் பேசல. வீடியோ வந்து அது மேல ஒரு பட்டன், "அனுபவத்தை தொடங்குங்கள்"னு. அக்கா அத தொடவே இல்ல, "என்னத்த தொடங்கறது"ன்னு கீழ தள்ளிட்டு போயிட்டாங்க. ரூம் போட்டோவ பெருசாகும்னு மூணு தடவ தட்டுனாங்க, ஆகல. வெலை எங்கயும் இல்ல, தேதி, பேரு, போன் நம்பர், மெயில் எல்லாம் குடுத்தா தான் காட்டும்னு இருக்கு. சரின்னு தேதிய தொட்டாங்க, மே 10ஐ அழுத்துனா கட்டத்துல 05/10னு வருது, அமெரிக்காக்காரன் எழுதற வரிசை. "இது அக்டோபர் அஞ்சுல்ல"ன்னு திரும்ப அழுத்துனாங்க, திரும்ப அதே. மூணாவது தடவ அழுத்தறப்ப பச்சை கலர் வாட்ஸாப் பட்டன் கேலண்டர் மேலயே வந்து உக்காந்துகிச்சு, விரல் அதுல பட்டு வாட்ஸாப் தொறந்துருச்சு. பின்னாடி வந்தா குடுத்த பேரு நம்பர் எல்லாம் அழிஞ்சு போச்சு.

"போன் பண்ணி கேட்டுக்கலாம்"னு அடி வரைக்கும் போனாங்க. நம்பர் இருக்கு. அழுத்துனாங்க, ஒண்ணும் நடக்கல. அழுத்தி புடிச்சாங்க, "படத்தை சேமிக்கவா"ன்னு கேக்குது. அண்ணே, அது நம்பரே இல்ல, நம்பர் எழுதுன படம். அக்கா மகள கூப்பிட்டு "பேனா எடுத்து இந்த நம்பர குறிடி"ன்னாங்க, பேனா எழுதல, "விடுங்க தம்பி வேற பாப்போம்"னுட்டாங்க. ஆறு நிமிஷம். உங்க பழைய சைட்ல அந்த நம்பர் மேலயே செவப்பு கலர்ல கொட்டை எழுத்துல இருந்துச்சு, பாக்க அசிங்கம் தான், ஆனா தொட்டா போன் போச்சு.

இதுல நான் ஒரு கருத்தும் கேக்கல பாருங்க. முடிஞ்சப்புறம் சும்மா "சைட் எப்டி இருந்துச்சுக்கா"ன்னு கேட்டேன். "நல்லா இருக்கு தம்பி, படம்லாம் அழகா இருக்கு"ன்னாங்க!

இதே மாதிரி இன்னும் நாலு பேர வச்சு நீங்களே பாருங்க. நடுவுல "அங்க இல்லம்மா, மேல பாருங்க"ன்னு உதவி பண்ண கை துடிக்கும், பண்ணாதீங்க. "இந்த பட்டன் தெரியுதா"ன்னும் கேக்காதீங்க, கேட்டா தெரியாதவனுக்கும் தெரிஞ்சுரும். எங்க நின்னாங்க, எங்க முழிச்சாங்க, எங்க விட்டுட்டு போனாங்க, இத மட்டும் நோட்ல எழுதுங்க. அதுக்கு மேல ஆசை இருந்தா மைக்ரோசாப்ட் கிளாரிட்டின்னு ஒண்ணு இலவசமா இருக்கு, வர்றவங்க விரல் எங்கெங்க படுதுன்னு பதிவு பண்ணி காட்டும். வீடியோ விஷயம் தனி. மேல பெருசா இருக்கற படம் ரெண்டரை செகண்டுக்குள்ள வந்துரணும்னு கூகுளே அளவு வச்சிருக்கு, பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்ல உங்க முகவரிய போட்டா மார்க் போட்டு குடுக்கும், காசு கெடையாது. இந்த ரெண்டுக்கும் 25,000 குடுத்து அட்டை போட்ட ரிப்போர்ட் வாங்க வேண்டியதில்ல.

இன்னொண்ணு, புக்கிங் கொறஞ்சதுக்கு டிசைன் மட்டும் காரணம் இல்ல. கூகுள்ல உங்க காட்டேஜ் பேர போட்டு மொத மூணு ரிசல்ட்ட தொட்டு பாத்தேன், ரெண்டு "பக்கம் இல்லை"ன்னு வருது. சைட்ட மாத்தறப்ப பக்கத்தோட முகவரியும் மாறிருச்சு, பழச தொட்டா புதுசுக்கு தானா போகற மாதிரி பண்ணிருக்கணும், பண்ணல. 301 ரீடைரக்ட்னு பேரு, அந்த வார்த்தைய மட்டும் சொல்லுங்க போதும், அவங்களுக்கு தெரியும். தெரியலன்னா அவங்க உங்ககிட்ட 48,000 வாங்கிருக்கவே கூடாது. கொறஞ்சது ஒரு வருஷமாச்சும் அத எடுக்காம வச்சிருக்க சொல்லி கூகுளே சொல்லுது.

இப்ப நான் வழக்கமா எல்லார்கிட்டயும் கேக்கற கேள்வி, கோவப்படாதீங்க: உங்க சைட்டோட பேரு, அதான் டொமைன், யாரு பேர்ல இருக்கு? எந்த மெயில் ஐடில ரிஜிஸ்டர் ஆயிருக்கு? முக்காவாசி பேருக்கு பதில் தெரியாது. "அவங்களே பாத்துக்கறாங்க தம்பி"ம்பாங்க. பாத்துக்குவாங்க, நல்லா பாத்துக்குவாங்க. எனக்கு தெரிஞ்ச ஒரு ஹோம்ஸ்டே காரருக்கு கம்பெனியோட தகராறு ஆகி, டொமைன் அவங்க மெயில்லயே மாட்டிக்கிச்சு. டொமைன் வித்தவன்கிட்ட போனா "ரிஜிஸ்டர் ஆன மெயில்ல இருந்து எழுதுங்க"ங்கறான். அந்த மெயில் தான் இல்லன்னு சொன்னா "அப்ப ரிஜிஸ்டர் பண்ணினவர எழுத சொல்லுங்க"ங்கறான். காசு கட்டினது இவரு, ரசீது இருக்கு, விசிட்டிங் கார்டுல அச்சடிச்சிருக்கு, ஒண்ணும் செல்லாது. ஒம்போது வருஷம் பழகின பேர விட்டுட்டு வேற பேர்ல ஆரம்பிச்சாரு மனுஷன். நீங்க சைட்ட பத்தி ஒரு குறை சொல்றதுக்கு முன்னாடி லாகின உங்க மெயிலுக்கு மாத்தி வாங்கிருங்க, சிரிச்ச மொகத்தோட, காரணம் சொல்லாம.

அதே கம்பெனி அடுத்து "50 ஃபைவ் ஸ்டார் ரிவ்யூ போட்டு தர்றோம்"னு வரும். வேணாம். காசு குடுத்து வாங்கற ரிவ்யூ கூகுள் விதிக்கு எதிர், "ரிவ்யூ போட்டா 10 சதவீதம் தள்ளுபடி"ன்னு நீங்களே கெஸ்ட்கிட்ட சொன்னாலும் எதிர் தான். இப்பவே உங்க சைட்ல "7 பேர் இந்த அறையை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்"னு ஒண்ணு எட்டி பாக்குது, மூணு ரூமுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கும் ஏழு பேரு! மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ல 13 விதமான ஏமாத்து டிசைன பட்டியல் போட்டு தடை பண்ணிருக்கு, பொய்யா அவசரப்படுத்தறது அதுல ஒண்ணு, கடைசி பக்கத்துல கிளீனிங் சார்ஜ்னு புதுசா சேக்கறதும் ஒண்ணு. ரெண்டும் உங்க சைட்ல இருக்கு. கேஸ் வந்தா கம்பெனி பேருக்கு வராது, உங்க பேருக்கு தான் வரும்.

பழைய கெஸ்ட்கிட்ட கேக்கலாமான்னு நீங்க யோசிப்பீங்க. வேணாம், அவங்களுக்கு எடமும் தெரியும் உங்க நம்பரும் தெரியும், சைட்ட பாக்காமயே நல்லா இருக்குன்னுருவாங்க. ஆனா ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கு, சைட்ட பாத்துட்டு அங்க கெடைக்காம உங்களுக்கு போன் பண்ணினவங்க. அவங்க தங்கம். தங்கினாங்களா இல்லையாங்கறது முக்கியமே இல்ல, தங்காதவங்க இன்னும் ஒசத்தி. போன எடுக்கற உங்க கேர்டேக்கர்கிட்ட ஒரு நோட்ட குடுத்து, போன்ல வர்ற மொத கேள்விய மட்டும், அவங்க சொன்ன வார்த்தைலயே எழுத சொல்லுங்க. "சார் ரூம் இருக்கா"ங்கறது இல்ல, அது வணக்கம் மாதிரி, அதுக்கு அடுத்தது. வழி கேட்டு மலைல இருந்து கூப்பிடறவங்கள எழுத வேணாம். புக்கிங் ஆப்ல பாத்துட்டு வந்தவங்களும் வேணாம், அவங்க உங்க சைட்ட பாத்திருக்க மாட்டாங்க, "எதுல பாத்தீங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டா தெரிஞ்சுரும். சைட்ட பாத்தது பொண்டாட்டி, போன் பண்றது புருஷன்னா போன அவங்ககிட்ட குடுக்க சொல்லி கேளுங்க, புருஷனுக்கு எப்பவும் போல ஒண்ணும் தெரியாது. நான் இத ரொம்ப இழுக்குறேன்னு தெரியுது, பரவால்ல, ரெண்டு வாரம் அந்த நோட்ட வச்சு பாருங்க, திரும்ப திரும்ப வர்ற கேள்வி நாலோ அஞ்சோ தான் இருக்கும், அந்த பதிலெல்லாம் சைட்ல இல்ல, இல்லன்னா கண்ணுல படல.

அதுல இ-பாஸ் கண்டிப்பா வரும், அதான் வெளியூர் வண்டி கொடைக்கானல் வர ஆன்லைன்ல எடுக்கற அனுமதி. 2024 மே 7ல இருந்து இருக்கு, ஹைகோர்ட் உத்தரவு, 2025 சீசன்ல கொடைக்கானலுக்கு சாதா நாள்ல 4,000 வண்டி, வாரக்கடைசில 6,000னு கணக்கும் வச்சாங்க, இன்னும் பாதி பேருக்கு தெரியாம செக்போஸ்ட்ல வந்து நிக்கறாங்க. சொல்ல வேண்டியவங்க ஒழுங்கா சொல்ல மாட்டாங்க, ஒவ்வொரு காட்டேஜ்காரனும் சுற்றுலாத்துறை வேலைய சேத்து பாக்கணும், என்ன பண்றது. இ-பாஸ் எடுக்கணும், அதுக்கு கட்டணம் கெடையாது, அஞ்சு லிட்டருக்கு கம்மியான பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு வராதீங்க, இந்த மூணு வரிய அரசாங்க லிங்க்கோட வெலைக்கு பக்கத்துலயே போட்டுருங்க. தனி பக்கம் போட்டா எவனும் படிக்க மாட்டான்.

இப்போதைக்கு நம்பர படத்துல இருந்து எடுத்து தொட்டா போன் போற மாதிரி மேல வைக்கறது, பழைய லிங்க் ரெண்டையும் சரி பண்றது, இந்த ரெண்டு வேலை ஒரு நாள்ல முடியும், இதுக்கு தனியா காசு கேட்டா குடுக்காதீங்க. மீதிய அந்த நாலு பேரு பாத்தப்புறம் எழுதுங்க, பேசுவோம். ஆமா, டிரைவருக்கு படுக்க எடம் இருக்கா அண்ணே? சைட் முழுக்க தேடிட்டேன், எனக்கும் கெடைக்கல, மாடி அக்கா கேட்டுட்டே இருக்காங்க.